களைக்காத கதாநாயகன்

மனிதனுக்குக் களைப்பு உண்டு. இந்தச் சாதாரண விஷயத்தைச் சொல்ல ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்பீர்கள். நானும் போன தைப் பொங்கல் வரையில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்னவாசலில் என் தமக்கையின் வீட்டில் நான்கு நாள் தங்கப்போய்த்தான், உலகத்தில் களைப்பே தெரியாத ஒரு ஜாதி இருக்கிறது என்பதும், அதைப் பெருக்கி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதும் புரிந்தது.

தமக்கையின் பிள்ளைகள் இருவரும், அவர்களுடைய சிநேகிதர்கள் மூவரும் கூடத்தில் பாய் விரித்து ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். 1974-ஆம் வருஷம் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கியது. காய் நகர்த்தி ஜயிக்கிற ஆட்டம் அல்ல. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: ஒருவன் போர்வீரன், ஒருத்தி வைத்தியம் தெரிந்த துறவி, ஒருவன் மந்திரவாதி. ஆட்டத் தலைவன் ஒருவன் கதை சொல்கிறான். "முன்னால் காடு, இடப்புறம் ஒரு குகை, என்ன செய்கிறீர்கள்?" என்கிறான். இவர்கள் சொல்கிறார்கள். செய்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. ஐந்து பேராய்க் கூடி வாயாலேயே எழுதும் தொடர்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், தொழில் பாசம்.

என் மருமகனின் பாத்திரம் ஓர் போர்வீரன். இரும்புக் கவசம், கேடயம், நீண்ட வாள், முதுகில் மூட்டை. விடியற்காலை புறப்பட்டவன் மலையேறினான், ஆற்றைக் கடந்தான், ஓநாய்க் கூட்டத்தை விரட்டினான், மறுபடி நடந்தான். கணக்குப் பார்த்தேன்: பதினான்கு மணி நேரம்.

"அவன் உட்காரவே மாட்டானாடா?" என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல அதுக்கு விதி இருக்கு மாமா. நாங்க பார்க்கறதில்லே. அதெல்லாம் கணக்குப் பார்த்தா ஆட்டமே நடக்காது" என்றான்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். விதி இருக்கத்தான் செய்கிறது. அதுவும் மட்டமான விதி அல்ல. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரப் பிரயாணம் நியாயமானது என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நடக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு சோதனை. பகடையை உருட்டி, பாத்திரத்தின் உடல் உறுதிக்கு உரிய எண்ணைக் கூட்டி, முதல் மணிக்குப் பதினொன்றாவது வரவேண்டும், அடுத்த மணிக்குப் பன்னிரண்டு, அதற்கடுத்ததற்குப் பதின்மூன்று. தவறினால் களைப்பு ஒரு படி ஏறும். மொத்தம் ஆறு படிகள். முதல் படியில் திறமை காட்டுகிற காரியங்கள் தடுமாறும். இரண்டாவதில் நடை பாதியாகும். மூன்றாவதில் வாள் வீச்சும், ஆபத்தைத் தாங்கும் சக்தியும் பழுதுபடும். நான்காவதில் உயிர்ச்சக்தியின் உச்சவரம்பு பாதியாகும். ஐந்தாவதில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஆறாவது படி மரணம். சோறும் தண்ணீரும் கண்டு, எட்டு மணி நேரம் நன்றாக ஓய்வெடுத்தால் ஒரே ஒரு படி இறங்கும். 2024-இல் இதைச் சுருக்கி, படிக்கு இரண்டு எண் பகடையில் கழியும், நடையில் ஐந்து அடி குறையும் என்று எளிதாக்கியிருக்கிறார்கள். அப்போதும் ஆறாவது படி மரணம்தான்.

இன்னும் பின்னே போனால், 1974-இன் மூலப் புத்தகமே சுரங்கத்துக்குள் நடப்பவர்கள் ஆறு பங்கு நேரத்தில் ஒரு பங்கு அசையாமல் இளைப்பாற வேண்டும் என்று சொல்கிறது. ஆக, ஆட்டத்தைப் பெற்றவர்கள் களைப்பை மறக்கவில்லை. மறந்தவர்கள் ஆடுகிறவர்கள்.

இந்த மறதியைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டில் பெரியவனுக்கு என்ன வேலை என்று சொல்லாதீர்கள். கதாபாத்திரத்தின் களைப்பை எண்ணுவதா வேண்டாமா என்பது பகடை ஆட்டத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. கதை சொல்கிற எல்லாருடைய பிரச்சினையும்தான்.

பிள்ளைகள் நன்றாகவே வாதாடினார்கள். அவர்கள் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாதம், கணக்கு எழுதுவது அலுப்பு என்பது. இதில் பாதி நியாயம். 1984-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற இன்னொரு ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில், ஒவ்வொருவருக்கும் களைப்புக்கென்று ஒரு கையிருப்பு. சுமக்கும் பாரத்தைப் பொறுத்து அது குறையும். சண்டையின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ஒரு புள்ளி கழியும். வாள் வீசுகிற நேரத்தை விடப் பென்சிலைச் சீவுகிற நேரம் அதிகமாகிவிடும். மளிகைக் கடைச் சிட்டையைக் கதை என்று எந்த நேயரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் இதே பிள்ளைகள் பையில் எத்தனை பொற்காசு, எத்தனை வெள்ளிக்காசு, அம்பறாத்தூணியில் எத்தனை அம்பு என்று தாள் தாளாக எழுதி வைத்திருக்கிறார்களே, அது அலுக்கவில்லையே! காசுக்குக் கணக்கு உண்டு, மூச்சுக்குக் கணக்கு இல்லை. அலுப்பு கணக்கில் இல்லை. எதை எண்ணுவது என்பதில் இருக்கிறது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கெட்டி. களைப்பைத் தண்டனையாக வைத்தால் களைத்தவன் தோற்பான், தோற்றவன் மேலும் களைப்பான், படுகுழியில் விழுந்தவன் எழுந்திருக்கவே மாட்டான் என்றாள் என் மருமகள், தமக்கையின் பெண். கெட்டிக்காரி. அதற்குப் பயந்து, ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எல்லாரும் கூடாரம் அடித்துத் தூங்கப் போய்விடுவார்களாம். இதை ஆடுகிறவர்களே 'பதினைந்து நிமிஷ வேலை நாள்' என்று கேலி செய்கிறார்களாம். ஒரு குத்து, எட்டு மணி நேரத் தூக்கம். மறுபடி ஒரு குத்து. சில உத்தியோகஸ்தர்களை நினைத்துச் சிரித்தேன். ஆனாலும் வாதம் வாதம்தான்.

மூன்றாவதைச் சொன்னவன் ஆட்டத் தலைவன். "நாள் முழுக்க வேலை பார்த்துக் களைச்சுப் போய்த்தான் சார் ஆட உட்காருகிறோம். இங்கேயும் களைப்பா?" என்றான். இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. என் நாவல்களைப் படிக்கிறவர்களும் அதே நிலையில்தான் படிக்கிறார்கள். ஆபீசிலிருந்து வந்து, அடுப்படியிலிருந்து வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறார்கள். அவர்களுக்குக் களைக்காத ஒருவனைக் காட்டுவது தர்மம் அல்லவா?

நானும் ரொம்ப நாள் அந்தத் தர்மத்தைச் செய்து வந்தவன்தான். வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதிய சரித்திரத் தொடரில், கதாநாயகன் மதுரையில் விளக்கு வைக்கிற நேரத்தில் குதிரை ஏறி, பொழுது விடியுமுன் தஞ்சாவூரில் இறங்கி, இறங்கிய கையோடு மூன்று பேருடன் வாட்போர் செய்தான். நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஒரே குதிரை. அந்த வாரம் வந்த பாராட்டுக் கடிதங்களுக்கு நடுவே ஓர் அஞ்சல் அட்டை. எழுதியவர் பழைய ஜட்கா வண்டிக்காரர். ஒரே வரி: 'ஐயா, தங்கள் குதிரை எந்த ஊரில் தண்ணீர் குடித்தது?' நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது?

கல்கி இந்தத் தப்பைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1950-இலிருந்து 1954 வரையில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனை நாம் முதன்முதலில் பார்க்கும்போதே, அவன் ஏறியிருக்கும் குதிரை நெடுந்தூரம் வந்து அலுத்துப்போய் மெல்ல நடக்கிறது. அந்த மெல்லிய நடையினால்தான் வீரநாராயண ஏரியை அவனும் நாமும் ஆற அமரப் பார்க்க முடிகிறது. குதிரை பாய்ந்து ஓடியிருந்தால் ஏரி இல்லை, ஆடிப் பெருக்கு இல்லை. அவருக்குப் பின் வந்த நாங்கள் குதிரையை எடுத்துக்கொண்டோம், களைப்பை விட்டுவிட்டோம்.

சரி, பிள்ளைகளின் இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அதற்குப் பதில் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. அன்னவாசலுக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது.

புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்த வழி எங்கள் கொடும்பாளூர் வழிதான். 'கொடும்பை' என்று இளங்கோவடிகள் சொல்லும் அந்த இடத்தில் பாதை மூன்றாகப் பிரிகிறது. எதிர்ப்பட்ட மறையவன் ஒருவன் மூன்று பாதைகளையும் விவரிக்கிறான். ஒன்றில் வறண்ட வெயில் வழி. ஒன்றில் திருமால்குன்றத்துக் குகையும், முழுகினால் விரும்பியதைத் தரும் மாயப் பொய்கைகளும். நடுவழியில் வழிப்போக்கரை மயக்கும் ஒரு கானகத் தெய்வம். ஆட்டத் தலைவன் கேட்கிற அதே கேள்விதான்: என்ன செய்கிறீர்கள்? அற்புதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அற்புதத்தின் நடுவே நடக்கிற பெண்ணுக்குக் கால் நோகிறது என்பதை இளங்கோ ஒரு காதம்கூட மறக்கவில்லை.

புகாரை விட்டு ஒரு காதம் வருவதற்குள்ளேயே கண்ணகி மூச்சு வாங்க, மதுரை எது என்று கேட்டுவிடுகிறாள். முப்பது காதம்தான், கிட்டத்தில்தான் என்று கோவலன் சிரித்தபடி சொல்கிறான். அந்தச் சிரிப்பில் உள்ள துக்கத்தை, கணக்கு எழுதாத எவனாலும் எழுத முடியாது. முப்பது காதம் என்ற எண் இல்லாவிட்டால் அந்த இடம் வெறும் சம்பாஷணை.

பிறகு பாருங்கள். நடுவழியில் தாகம் எடுத்துத்தான் கோவலன் பொய்கைக்குப் போகிறான். போன இடத்தில்தான் கானகத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து அவனை மயக்கப் பார்க்கிறது. அவன் மந்திரத்தால் தப்பி, தாமரை இலையில் தண்ணீர் ஏந்தி வந்து களைத்திருக்கிறவளின் துயரைத் தீர்க்கிறான். தாகம் இல்லையேல் பொய்கை இல்லை. பொய்கை இல்லையேல் தெய்வம் இல்லை. அதற்குப் பிறகு, கால் சிவந்து, குறுமூச்சு விட்டு இனி நடக்க முடியாத நிலையில் ஐயை கோயிலில் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கிய இடத்தில்தான் வேட்டுவர் கூத்து. தெய்வம் ஏறிய சாலினி கண்ணகியைக் கண்டு புகழ்வதும் அங்கேதான். அப்புறம், பகல் வெயிலை இவள் தாங்க மாட்டாள் என்று இரவில் நிலவொளியில் நடக்கத் தீர்மானிக்கிறார்கள்.

இங்கே களைப்பு தண்டனையாகவா வருகிறது? இல்லை; காரணமாக வருகிறது. நின்ற இடத்தில் கதை நிற்கவில்லை. நின்றதனால் கதை நடந்தது. ஓய்வு சும்மாவும் கிடைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமானால் பொய்கைக்குப் போக வேண்டும், பொய்கையில் ஆபத்து இருக்கும். நிழல் வேண்டுமானால் வேட்டுவர் கூடுகிற கோயிலில்தான் ஒதுங்க வேண்டும்.

'பதினைந்து நிமிஷ வேலை நாள்' நோய்க்கு இதுதான் மருந்து. களைப்பை ஒழிப்பதல்ல, ஓய்வுக்கு ஒரு விலை வைப்பது. எட்டு மணி நேரம் தூங்குங்கள், தாராளமாகத் தூங்குங்கள். அதற்குள் எதிரி பாலத்தை உடைப்பான், காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து போய்ச் சேராது. நடப்பதா படுப்பதா என்று பாத்திரம் திண்டாடட்டும். அந்தத் திண்டாட்டம்தான் கதை.

படுகுழி வாதத்துக்கும் பதில் உண்டு. களைப்பு திருடனைப் போல் வரக்கூடாது. 'இன்னும் ஒரு மணி நடந்தால் ஒரு படி ஏறலாம், நடக்கிறாயா?' என்று ஆட்டத் தலைவன் முன்கூட்டியே கேட்க வேண்டும். அறிந்து நடந்தவன் விழுந்தால் அது வீரம். அறியாமல் விழுந்தால் அது வெறும் வரவு செலவுப் பிசகு. எண்ணிக்கையும் ஆறு படிக்கு மேல் வேண்டாம். சங்கப் புலவன் எந்தப் புள்ளியையும் எண்ணவில்லை. வழி நடந்த விறலியின் பாதம் இளைத்த நாயின் நாக்கைப் போல் இருந்தது என்றான். பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் இந்த உவமை இருக்கிறது. ஆற்றுப்படை என்பதே களைத்தவனுக்கு வழி சொல்கிற இலக்கியம் அல்லவா? ஓர் இலக்கிய வகையையே களைப்பின் மேல் கட்டிய பாஷையில், கதாநாயகர்களுக்குக் களைப்பு வராது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனேன். ஓவியம் பார்க்க எல்லாரும் போவார்கள். நான் கூட்டிப் போனது மலையின் மறுபக்கத்து ஏழடிப்பட்டத்துக்கு. பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து இறங்கினால் ஓர் இயற்கைக் குகை. அதில் சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் தலையணை போல் கல்லை மேடாக விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழ் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமட்டூரில் பிறந்த காவுதி என்ற துறவிக்கு, சிறுபாவில் இளயர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

வழிப்போக்கர் சத்திரம் அல்ல அது. உடம்பை வென்று உண்ணாநோன்பு நோற்றவர்களின் இடம். அப்படிப்பட்டவர்களுக்கும் தலை சாய்க்க ஒரு மேடு வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். யாருக்கு, யார் செய்து கொடுத்தது என்பதைக் கல்லில் எழுத வேண்டும் என்றும் நினைத்திருக்கிறார். ஒரு மனிதன் படுக்க இடம் செய்து கொடுத்தது, எழுதி வைக்கத் தகுந்த காரியமாக இருந்திருக்கிறது.

நம் நாட்டுச் சாலைகளிலும் இந்த நினைப்பு இருந்தது. சாவடி, தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல். தலைச்சுமைக்காரன் யாருடைய கையும் எதிர்பாராமல் மூட்டையை இறக்கி வைக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோள் உயரத்தில் ஒரு கல். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள். பாரத்தை இறக்காமல் போனவளின் பெயரால், பாரத்தை இறக்க ஒரு கல்! அவ்வளவு ஏன், நம் தாயக்கட்டத்தில்கூடக் குறுக்குக்கோடு போட்ட கட்டம் உண்டு. அதில் நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது. கட்டம் கீறிய கிழவிக்கே தெரிந்திருக்கிறது, ஓடுகிறவனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும் என்று.

இனி ஆட்டத் தலைவனின் மூன்றாவது வாதம் ஒன்றுதான் பாக்கி. களைத்தவனுக்குக் களைக்காதவனைக் காட்டுவது ஆறுதல் என்றான். அதற்கான பதில், அவன் அதைச் சொன்ன நேரத்திலேயே கூடத்துக்குள் வந்தது. என் தமக்கை. இரவு பதினொரு மணி. கையில் ஐந்து தம்ளர் காபி. அன்று மூன்றாவது தடவை. பொங்கல் நாள் ஆகையால் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து கோலம் போட்டவள். மருமகன் பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்ளரை வாங்கிக்கொண்டான். "அம்மா, கொஞ்சம் முறுக்கு இருந்தாக் கொண்டுவாம்மா" என்றான். கெட்ட பிள்ளை அல்ல. தாய்மேல் உயிராக இருப்பவன். பதினான்கு மணி நேரம் நடந்த போர்வீரன் உட்காரவில்லை என்பதைக் கவனிக்காதவனுக்கு, பத்தொன்பது மணி நேரம் நின்றவள் உட்காரவில்லை என்பதும் கண்ணில் படவில்லை. கண் ஒன்றுதானே?

களைக்காத கதாநாயகன் நமக்கு ஆறுதல் சொல்வதாக நினைக்கிறோம். அவன் சொல்வது வேறு. 'களைப்பு உன் குறை; நல்லவர்களுக்கும் வல்லவர்களுக்கும் அது வராது' என்கிறான். வார இதழை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புகிற பெண்ணுக்கு அது ஆறுதலா? முப்பது காதம் நடக்க முடியாமல் வழியில் உட்கார்ந்த கண்ணகிதான் பிறகு மதுரையை எரித்தாள் என்று சொல்லுங்கள், அது ஆறுதல். 1954, 1955-இல் வெளிவந்த டோல்கீனின் நாவலில் ஃபிரோடோ கடைசி மலையில் நடக்க முடியாமல் விழ, தோழன் சாம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுகிறான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குக் குட்டையர்களையும் வனதேவர்களையும் கொடுத்த கதைகளில் அதுவும் ஒன்று. குட்டையர்களை எடுத்துக்கொண்டவர்கள் அந்த முதுகை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

அக்கா முறுக்குத் தட்டோடு வந்தபோது நான், "உட்காரேன் அக்கா" என்றேன். "ஏன் தம்பி, உனக்கு ஏதாவது வேணுமா?" என்றாள். உட்காரச் சொன்னால் ஏதோ வேலைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றுகிறது.

அன்று இரவு படுத்தபடி என் புத்தகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பதினொரு நாவல்கள். காபி கொண்டுவந்து வைக்கிற பெண்கள் அவற்றில் ஏராளம். வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். ஒருத்தியைக்கூட நான் உட்கார வைத்ததாக நினைவில்லை.